ஏழாம் பேனலின் கதவு

புட்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற அந்தத் தொழிற்சாலையில், மின்பிரிவு ஃபோர்மேன் துளியும் மதிக்காத விஷயங்கள் மூன்று. ஒன்று, மேலாளர். இரண்டு, மேலாளர் அச்சடித்து ஒட்டவைத்த லேபிள்கள். மூன்று, அந்த லேபிள்களை நின்று நிதானமாகப் படிக்கிற தன் சொந்த மருமகன்.

மேலாளருக்கு 'பவுடர்' என்று பெயர் வைத்ததே ஃபோர்மேன்தான். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், தொழிற்சாலையின் முகத்துக்குப் பவுடர் அப்ப ஆரம்பித்துவிடுவார் மனிதர். ஒழுகுகிற குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதன்மேல் புதுப் பெயின்ட் பளபளக்கும். தீயணைக்கும் சிலிண்டருக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. வெளியே மட்டும் தக்காளிச் சிவப்பு. "பாக்கிறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கணும் ஃபோர்மேன்" என்பார். வேலை செய்கிறவனின் கையும் காலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை காப்பீட்டு நிறுவனம் கடிதம் போட்டிருந்தது. மின்பேனல் ஒவ்வொன்றிலும் ஆர்க் ஃபிளாஷ் லேபிள் இருக்க வேண்டும், ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார், இல்லாவிட்டால் காப்பீடு கிடையாது. ஆர்க் ஃபிளாஷ் என்றால் ஷாக் அடிப்பது என்று பவுடர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அது வேறு. பேனல் கதவுக்குப் பின்னால் மின்சாரம் ஓடுகிற செப்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒரு ஸ்பேனர் நழுவினாலோ, ஒரு பல்லி குறுக்கே விழுந்தாலோ, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள காற்றே பற்றிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் செம்பு உருகி ஆவியாகி நெருப்பாக வெளியே அடிக்கும். ஆள் எதையும் தொட வேண்டியதில்லை, எதிரே நின்றாலே போதும். அந்த நெருப்பின் சூடு எவ்வளவு, எத்தனை மீட்டர் வரைக்கும் வரும், எதிரே நிற்கிறவன் எவ்வளவு தடித்த உடை போட்டால் பிழைப்பான் என்று ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகக் கணக்குப் போட்டு எழுதி ஒட்டுவதுதான் லேபிள்.

கணக்குப் போட வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். பத்து நாள் பேனல் ரூமில் தவம் கிடந்து, கேபிளின் நீளத்தைக்கூட விடாமல் அளந்துகொண்டு போய், பதினொரு பேனலுக்கும் பதினொரு லேபிள் வரைந்து அனுப்பினார். ஒவ்வொன்றின் தலையிலும் பேனல் எண் கொட்டை எழுத்தில் இருந்தது. பவுடர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறைதான் கண்டுபிடித்தார்.

"நம்ம கம்பெனி முத்திரை எங்கே?"

"அதுக்கு இடம் இல்ல சார்" என்றார் அச்சகத்துக்காரர்.

"நம்பரை எடுத்துடுங்க. பேனலுக்கு மேல இரும்புச் சட்டத்துல நம்பர் இருக்கத்தானே இருக்கு, லேபிள்ல வேற எதுக்கு?"

ஃபோர்மேன் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். இந்த ஆளிடம் எதைச் சொல்லி என்ன என்று வாயைத் திறக்கவில்லை. எண் போய் முத்திரை வந்தது. கருடன் இறக்கை விரித்த மாதிரி ஒரு மூடியின் படம். அதன் கீழே ஒப்புக்கு நாலு வரி எச்சரிக்கை.

பதினொரு பேனலும் ஒரே வரிசையில் நிற்கிற இரும்பு அலமாரிகள். விற்றவன் தன் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்துகொடுத்துவிட்டான். வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. ஆனால் ஏழாம் பேனல் மட்டும் பொல்லாதது. பெரிய கம்ப்ரஸர் மோட்டாருக்கு மின்சாரம் அதிலிருந்துதான் போகிறது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கர் படக்கென்று விழுந்து உற்பத்தி நின்றுகொண்டிருந்ததால், ஃபோர்மேன் அந்தப் பிரேக்கரைத் தாமதமாக விழும்படி திருகிவைத்திருந்தார். பிரேக்கர் தாமதமாக விழுந்தால், உள்ளே நெருப்புப் பிடிக்கும் நாளில் நெருப்பும் அத்தனை நேரம் எரியும். பொறியாளரின் கணக்கு அதைப் பிடித்துவிட்டது. மற்ற பேனல்களின் லேபிளில் நெருப்பின் சூடு மூன்று, நான்கு, ஐந்து கலோரி என்று இருக்க, ஏழின் லேபிளில் முப்பத்தாறு என்று இருந்தது. நான்குக்கு மெல்லிய உடையும் முகக் கண்ணாடியும் போதும். முப்பத்தாறுக்குத் தலையோடு மூடுகிற தடித்த சூட் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கரடி நடப்பது போல இருக்கும்.

மருமகன் அந்தக் கரடி உடையைத்தான் எப்போதும் போட்டுக்கொள்வான். மூடி அச்சடிக்கிற பக்கத்தில் எட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவனைப் போன மாதம்தான் பேனல் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். எது எப்படி என்று முழுதாகத் தெரியும்வரை பெரிய உடைதான் என்று அவன் தனக்குள் ஒரு விதி வைத்திருந்தான். ஃபோர்மேனுக்கு அது தாங்கவில்லை. முப்பது வருடமாக அரைக்கைச் சட்டையோடு பேனலுக்குள் கையை விட்டவர் அவர். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தன் திறமை என்று நம்புகிற ஆட்களில் ஒருவர்.

"நிலாவுக்குக் கிளம்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்பார். "எப்போ திரும்பி வருவீங்கன்னு சொன்னா சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்றேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். மருமகன் டம்ளரைப் பார்ப்பான். வீட்டிலும் இதே பாட்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே நேராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அவரைக் கிண்டல் பண்றதை விடுங்க. அவர் பயந்துக்கிட்டு உடுத்துறதுதான் எனக்கு நிம்மதி. உங்களை நினைச்சு அம்மா தூங்காம கிடந்ததெல்லாம் நான் பார்த்திருக்கேன்."

"ஆம்பளைக்கு வேலையில ஒரு தைரியம் வேணும்மா."

"அவர் முழுசா வீட்டுக்கு வரணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

ஃபோர்மேன் சிரித்து மழுப்பினார். மகளின் பேச்சை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது, வாங்கினார், மதிக்கவில்லை.

ஆய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது பவுடருக்கு ஞானோதயம் வந்தது. பேனல் கதவுகள் பழசாகத் தெரிகின்றன, சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். வாராந்தர விடுமுறை நாளில் மின்சாரத்தை நிறுத்தி, பதினொரு கதவையும் கீலிலிருந்து தூக்கி எடுத்து, முற்றத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்து ஸ்ப்ரே அடித்தார்கள். லேபிள்கள் ஒன்றில்கூடப் பெயின்ட் படக்கூடாது என்று பெயின்டர் ஒவ்வொன்றின்மேலும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். வேலையைத் தெரிந்து செய்கிற மனிதர். அன்று அந்த இடத்தில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான். மருமகன் அன்றைக்கு விடுப்பு. கர்ப்பமாக இருந்த மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தான்.

சாயங்காலம் கதவுகள் காய்ந்ததும் பெயின்டர் வந்து கேட்டார்.

"எந்தக் கதவு எதுக்குன்னு சொன்னீங்கன்னா மாட்டிடறேன்."

ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போய் லேபிள்களில் இருந்த கலோரி எண்களைப் பொறியாளரின் பட்டியலோடு ஒத்துப் பார்க்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். பட்டியல் அவர் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது.

"எல்லாம் ஒரே அச்சுதான். கையில கிடைக்கிறதை மாட்டுங்க."

"லேபிள்ல நம்பரெல்லாம் வேற வேறயா இருக்கே?"

"அதை யாரு படிக்கப்போறா? மாட்டிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க."

மாட்டினார்கள். எது எங்கே போனது என்று மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோர்மேன் நினைத்தார். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள் மறந்தே போனார். சின்ன விஷயம் என்று ஒருவன் ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அதைத் தன் மூளையே தனக்கு ஞாபகப்படுத்தாது.

ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும் அம்மாள், கையில் ஒரு அட்டை, காலில் எண்ணெய்க் கறை படிந்த பழைய பாதுகாப்பு ஷூ. பவுடர் அவரை முற்றத்துப் பூந்தொட்டிகளிலிருந்து சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாள் தொட்டிகளைத் தாண்டி நேராகப் பேனல் ரூமுக்குள் போனார். புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. பதினொரு கதவு, பதினொரு லேபிள், பதினொரு கருடன்.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு அழகா இருக்கு" என்றார் பவுடர்.

"அழகு இருக்கட்டும். இதை உங்க ஆளுங்க எப்படி உபயோகிக்கிறாங்கன்னு பார்க்கணும். இன்னிக்கு மின்சாரம் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை ஏதாவது இருக்கா?"

இருந்தது. கம்ப்ரஸர் இரண்டு நாளாக அதிகமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. மூன்று வயரிலும் சமமாக மின்சாரம் போகிறதா என்று ஏழாம் பேனலைத் திறந்து அளக்க வேண்டும். அது மருமகனின் வேலைப் பட்டியலில் இருந்தது. பவுடருக்கு வாயெல்லாம் பல்.

மருமகன் ஏழுக்கு எதிரே வந்து நின்றான். லேபிளை மேலிருந்து கீழாகப் படித்தான். உடை அலமாரியைத் திறந்தான். கரடி சூட்டின்மேல் கை போனது, நின்றது. பிறகு பக்கத்திலிருந்த மெல்லிய உடையையும் முகக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டான். ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தான். இன்றைக்கு யாரும் சிரிக்க முடியாது, அளவாகத்தான் எடுத்திருக்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை.

ஃபோர்மேன் தூரத்திலிருந்தே ஏழின் கதவில் இருந்த கலோரி எண்ணைப் பார்த்தார். நான்கு.

முப்பத்தாறு எந்தக் கதவிலோ எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் இது தெரிந்தவர் அவர் ஒருவர். நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆய்வாளர் நிற்கிறார், பவுடர் நிற்கிறார். இத்தனை காலம் யாரை மனிதராகவே மதிக்கவில்லையோ அந்தப் பவுடர் முன்னால் தலை குனிய வேண்டும். எனவே, வெட்கக்கேடு, அவர் குறுக்குவழி தேடினார்.

"பெரிய சூட்டையே போட்டுக்குங்களேன் மாப்பிள்ளை" என்றார், என்னவோ போகிற போக்கில் சொல்கிற மாதிரி.

மருமகனின் முகம் சிவந்தது.

"இன்னிக்குமா மாமா? வெளி ஆளுங்க முன்னாடியுமா?"

"அட, நான் கிண்டல் பண்ணல."

"விடுங்க."

பவுடர் சிரித்துவிட்டார். "நம்ம ஃபோர்மேன் எப்பவும் தமாஷ்தான் மேடம். மாமனார், மருமகன். லேபிள்ல நாலுன்னு இருக்கு, தம்பி சரியாத்தான் எடுத்திருக்கார். எங்க ஆளுங்க எல்லாரும் லேபிளைப் பார்த்துத்தான் உடுத்துவாங்க."

அந்த அம்மாள் அட்டையில் ஏதோ எழுதினார். மருமகன் சட்டையை மாட்டினான், பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான், கையுறைக்குள் காற்றை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான், முகக் கண்ணாடியை இறக்கினான். எல்லாம் ஒழுங்காகச் செய்தான். பொய்யை நம்பி இவ்வளவு ஒழுங்காக ஒருவன் ஆயத்தமாவதைப் பார்க்க ஃபோர்மேனுக்குச் சகிக்கவில்லை. அந்தச் சட்டை வழியாக நெருப்பு போகிற விதம் அவருக்குத் தெரியும். பல வருடம் முன்பு வேறொரு இடத்தில், துணி தோலோடு ஒட்டிப்போன ஒருவனை அவர் தூக்கியிருக்கிறார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அரைக்கைச் சட்டையின் பெருமை என்ன ஆவது.

மருமகனின் கை ஏழின் கைப்பிடிக்குப் போனது.

"தொடாதீங்க" என்றார் ஃபோர்மேன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அது ஏழோட கதவு இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். மருமகன் கையை எடுத்து இரண்டடி பின்னால் வந்து கண்ணாடியைத் தூக்கினான்.

"என்ன சொல்றீங்க?"

"பெயின்ட் அடிக்கக் கழட்டினாங்கல்ல. பெயின்டர் மாத்தி மாட்டிட்டார்."

இந்த நிமிடத்திலும் அவருக்கு வாயில் அதுதான் வந்தது. கதவு மாறிப்போனதை ஒத்துக்கொண்டவர், யார் மாற்றியது என்பதில் சப்பைக்கட்டு கட்டினார்.

"பெயின்டருக்கு எப்படித் தெரியும்?" என்றான் மருமகன். அவன் சத்தம் போடவில்லை. "மாட்டறப்போ பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்."

"அவர் கேட்கலையா?"

"கேட்டார். கிடைக்கிறதை மாட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"ஏழோட உண்மையான நம்பர் என்ன?"

"முப்பத்தாறு."

மருமகன் தன் மார்பில் இருந்த மெல்லிய துணியைக் குனிந்து பார்த்தான். விரலால் ஒருமுறை தேய்த்தான். அவ்வளவுதான் செய்தான்.

ஆய்வாளர் ஒவ்வொரு கதவாக நடந்து பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் பேனலில், காரியாலய விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் கொடுக்கிற அப்பாவிப் பேனலில், முப்பத்தாறு ஒட்டியிருந்தது. "லேபிள்ல பேனல் நம்பர் ஏன் இல்ல?" என்று கேட்டார். பவுடர் முத்திரையைப் பார்த்தார், பெயின்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சின்னத் தவறு மேடம்" என்றார் கடைசியில். "சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம். தம்பி, இப்போதைக்கு நீங்க அந்தப் பெரிய சூட்டைப் போட்டுக்கிட்டு அளந்துடுங்க. உற்பத்தி நிக்கவேண்டாம்."

"முடியாது சார்" என்றான் மருமகன். "எந்தக் கதவு எதோடதுன்னு பட்டியல் வச்சுப் பார்க்கிறவரைக்கும் எதையும் திறக்கமாட்டேன். மொத்த மின்சாரத்தையும் நிறுத்துற மெயின் பேனலும் இந்த வரிசையிலதான் இருக்கு, அதோட கதவும் மாறியிருக்கும், அதையும் நம்ப முடியாது. வெளியே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கிற சுவிட்ச்ல நிறுத்தச் சொல்லுங்க."

"முழுத் தொழிற்சாலையும் நின்னுடுமே."

"நிக்கட்டும்."

பவுடர் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒத்தாசை இல்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பேனல்களின் ரீங்காரம் நிற்கும். அதுவரைக்கும் பேனல்களில் உயிர் இருக்கிறது. மருமகன் அலமாரியிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்து, வரிசைக்கு எதிரே நாலு மீட்டர் தள்ளி, தூணுக்குத் தூண் கட்டினான். லேபிள்கள் எதுவும் உண்மை இல்லை என்றான பிறகு இருப்பதிலேயே பெரிய தூரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் சொல்லாமலே நாடாவுக்கு வெளியே போய் நின்றார்.

ஃபோர்மேன் உள்ளேயே நின்றிருந்தார். முப்பது வருடப் பழக்கம். மருமகன் கரடி சூட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தான்.

"ஏழோட பிரேக்கர்ல தாமதம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

ஃபோர்மேன் சொன்னார். அவன் குறித்துக்கொண்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வீட்டுல சொல்லவேண்டாம் மாப்பிள்ளை" என்றார் ஃபோர்மேன், மற்றவர்கள் காதில் விழாதபடி. "அவ தாங்கமாட்டா. டாக்டர் வேற இந்த நேரத்துல எதுக்கும் பதறக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நான் சொல்லமாட்டேன் மாமா. நீங்கதான் சொல்லப்போறீங்க. குழந்தை பொறந்து அவ எழுந்து உட்கார்ந்தப்புறம், உங்க வாயாலேயே."

ஃபோர்மேன் தலையாட்டினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையைத் துழாவி டெஸ்டரை எடுத்தார்.

"நான் கூட இருக்கேன். பதினொரு கதவு, தனியா எப்படித் தூக்குவீங்க?"

"பெயின்டரைக் கூப்பிட்டிருக்கேன். அவர் கேட்டுட்டு மாட்டுவார்." மருமகன் மஞ்சள் நாடாவைக் கைகாட்டினான். "வேலை தெரிஞ்சவங்க மட்டும்தான் இதுக்குள்ள இருக்கலாம். நீங்க வெளியே போய் நில்லுங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். நீங்க, வாங்க எதுவும் குறையவில்லை. ஃபோர்மேன் டெஸ்டரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தார். முதுகு வலித்தது. பேசி முடித்துத் திரும்பி வந்திருந்த பவுடர் தூணோரமாக நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேனைப் பார்த்ததும் நெருங்கி வந்து, சொந்தக்காரனிடம் பேசுகிற அக்கறையோடு கேட்டார்.

"பெயின்டர் மேலயே போட்டிருக்கலாமே ஃபோர்மேன், எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

பவுடர் கொஞ்சம் நகர்ந்து, தூணில் சாய்ந்துகொள்ள அவருக்கும் இடம் விட்டார்.